ஹோல் ரிவியில் பழைய வீடியோக்கள்: எங்கள் வீடுகளுக்கு எந்த மீடியா பிளேயர் பொருந்தும்?

வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் செய்தி சேகரிக்கப் போகும் வீடுகளில் கடந்த சில வருடங்களாக ஒரே கேள்வியைப் பலர் என்னிடம் கேட்கிறார்கள். "பிள்ளை, கனடாவில இருந்து தங்கச்சி எங்கட கலியாண வீட்டு வீடியோவ பென் ட்ரைவில போட்டு அனுப்பினவ. ஃபோனில பார்த்தா ஒருத்தற்ற முகமும் வடிவாத் தெரியேல்ல. ரிவியில போட்டுப் பார்க்க என்ன வாங்கோணும்?" கேள்வி சின்னதுதான். அதற்குப் பின்னால் இருக்கும் கதை சின்னதல்ல.

1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள், 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு இரவோடிரவாக நடந்தவர்கள், 2009 மே வரை வன்னிக்குள்ளேயே இடம் மாறி மாறி ஓடியவர்கள் என்று எல்லோரிடமும் ஒரே இழப்பு இருக்கிறது. அல்பம் இல்லை, கசெற் இல்லை. பலர் கடைசிவரை பையில் காவித் திரிந்தது அடையாள அட்டையையும் பிறப்புச் சான்றிதழையும் மட்டுமே. இன்று இந்தக் குடும்பங்களுக்குத் திரும்பிக் கிடைக்கும் படங்களில் பெரும்பாலானவை வெளியிலிருந்து வருபவை. ரொறன்ரோவுக்கும் பாரிஸுக்கும் லண்டனுக்கும் அந்தக் காலத்தில் அனுப்பப்பட்ட கலியாண வீட்டு, சாமத்திய வீட்டு, செத்த வீட்டுக் கசெற்றுகளின் கொப்பிகள் அவை. அங்குள்ள பிள்ளைகள் அவற்றைக் கணினிக் கோப்புகளாக மாற்றி அனுப்புகிறார்கள். இங்கு வந்த பிறகு அவற்றை எதில் பார்ப்பது என்பதில் எல்லாம் தடைப்பட்டு நிற்கிறது.

கடையில் கேட்டால் 4கே, எச்டிஆர் என்று சொல்லி ஒரு பெட்டியைக் கையில் தருவார்கள். தொழில்நுட்பச் சஞ்சிகைகளும் மீடியா பிளேயர்களைப் புத்தம் புதிய சினிமாப் படங்களை ஓட்டித்தான் மதிப்பிடுகின்றன. எங்கள் வீடுகளுக்கு அந்த மதிப்பீடு பெரிதாக உதவாது. எங்களிடம் இருப்பவை பழைய, சிறிய, பல தடவை கொப்பி எடுக்கப்பட்ட கோப்புகள். ஆகவே நான்கு வகைப் பிளேயர்களை என் வீட்டு ஹோலில் வைத்து, அப்படியான கோப்புகளைப் போட்டே பார்த்தேன். அதில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

நெற்வேர்க் மீடியா பிளேயர் என்றால் என்ன?

இதில் மூன்று பகுதிகள் உண்டு. முதலாவது, வீடியோக்கள் இருக்கும் இடம். அது ஒரு மடிக்கணினியாகவோ, வன்தட்டாகவோ, ரவுட்டரின் பின்னால் செருகிய பென் ட்ரைவாகவோ இருக்கலாம். இரண்டாவது, வழி. அதாவது உங்கள் வீட்டு ரவுட்டரும் அதன் வைஃபையும். மூன்றாவது, ரிவிக்குப் பக்கத்தில் இருந்து, அந்தக் கோப்பை வழியினூடாக எடுத்து, படமாகவும் ஒலியாகவும் மாற்றித் திரையில் காட்டும் கருவி. அந்த மூன்றாவதுதான் பிளேயர். சில வீடுகளில் ரிவியே பிளேயராகவும் இருக்கும்.

இந்த இடத்தில் அநேகமாக எல்லோரும் கேட்பது, "டேற்றா முடிஞ்சிடாதோ?" என்பது. முடியாது. வீடியோ உங்கள் வன்தட்டிலிருந்து உங்கள் ரவுட்டருக்கு வந்து, அங்கிருந்து உங்கள் ரிவிக்குப் போகிறது. வீட்டு வாசலைத் தாண்டுவதில்லை. யூடியூப் பார்ப்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான். மாதப் பொதி முடிந்து இணையம் நின்றுபோனாலும் வீட்டுக்குள் இந்த வழி திறந்தே இருக்கும்.

வைஃபையின் வேகம் போதுமா என்ற பயமும் வேண்டாம். வீடியோ சீடி ஒன்றுக்கு நொடிக்கு ஏறக்குறைய ஒன்றரை மெகாபிட் போதும். டிவிடிக்கு அதிகபட்சம் பத்து மெகாபிட் அளவில் தேவைப்படும். ஐபோனில் எடுத்த 4கே வீடியோவுக்குத்தான் இருபது மெகாபிட்டுக்கு மேல் வேண்டும். சாதாரண ரவுட்டர் ஒன்று முதல் இரண்டையும் எளிதாகத் தாங்கும். ரவுட்டர் ஒரு அறையிலும் ரிவி தடித்த சுவருக்கு அப்பாலும் இருந்தால் 5 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையை விட 2.4 கிகாஹேர்ட்ஸ் சுவரை நன்றாக ஊடுருவும். முடியுமென்றால் ஒரு நெற்வேர்க் வயரை இழுத்துவிடுவது எல்லாவற்றிலும் நல்லது.

முதலில் ஒரு சோதனைக் கோப்புறை

எந்தப் பிளேயரையும் வாங்குவதற்கு முன்னர், உங்களிடம் உள்ள கோப்புகளில் வகைக்கு ஒன்றாக எடுத்து ஒரு பென் ட்ரைவில் போடுங்கள். கடைக்குப் போகும்போது அதைக் கையோடு கொண்டுபோங்கள். நான் பயன்படுத்திய கோப்புறையில் இவை இருந்தன:

1. வீடியோ சீடியிலிருந்து எடுத்த கோப்பு. இதன் பெயர் 'டாட்' என்ற பின்னொட்டோடு முடியும். படம் 352க்கு 288 புள்ளிகள். ஒரு சீடியில் 74 நிமிடம்.

2. டிவிடியிலிருந்து அப்படியே எடுத்த கோப்புறை. 720க்கு 576 புள்ளிகள். ஒவ்வொன்றும் ஒரு கிகாபைட் அளவான துண்டுகளாக உடைந்திருக்கும்.

3. விஎச்எஸ் கசெற்றிலிருந்து நேரடியாக மாற்றிய வீடியோ.

4. பழைய 'ஏவிஐ' கோப்பு ஒன்று. டிவ்எக்ஸ் முறையில் சுருக்கப்பட்டது.

5. 2000களின் கைத்தொலைபேசியில் எடுத்த '3ஜிபி' வீடியோ. 176க்கு 144 புள்ளிகள்.

6. வட்ஸ்அப்பில் வந்த ஒரு வீடியோ.

7. அண்மையில் ஐபோனில் எடுத்த வீடியோவும் படமும். வீடியோ எச்.265 முறையிலும் படம் ஹெயிக் வடிவத்திலும் இருக்கும். 2017இலிருந்து ஐபோன்கள் இந்த வடிவங்களைப் பயன்படுத்துகின்றன.

8. ஒலிநாடாவிலிருந்து மாற்றிய ஒரு எம்பி3. கடிதம் எழுதத் தெரியாத அம்மம்மாமார் வெளிநாட்டுக்குக் குரலைப் பதிந்து அனுப்பிய நாடாக்கள் பல குடும்பங்களில் இன்னும் இருக்கின்றன.

இந்த எட்டையும் ஓட்டும் பிளேயர் சினிமாப் படத்தைச் சிரமமில்லாமல் ஓட்டும். சினிமாப் படத்தை மிக அழகாக ஓட்டும் பிளேயர் இந்த எட்டில் பாதியைக்கூட ஓட்டாமல் போகலாம்.

திரையில் எதைக் கவனிக்க வேண்டும்?

கோப்பு ஓடினால் போதாது. சரியாக ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். நான்கு விடயங்கள் முக்கியம்.

முதலாவது, முகத்தின் அகலம். கசெற் காலத்துப் படம் 4க்கு 3 என்ற அளவில் எடுக்கப்பட்டது. இன்றைய ரிவி 16க்கு 9. பல ரிவிகள் திரையை நிரப்புவதற்காகப் பழைய படத்தை இருபக்கமும் இழுத்து விடுகின்றன. அப்போது ஒவ்வொரு முகமும் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக அகன்றுவிடும். சினிமாவில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். இருபது வருடங்களாகக் காணாத ஒருவரின் முகத்தை முதன்முறையாகப் பெரிய திரையில் பார்க்கும் தாய்க்கு, "இது என்ர பிள்ளை மாதிரி இல்லையே" என்று தோன்றினால் அந்த மாலை வீணாகிவிடும். நல்ல பிளேயர் இருபக்கமும் கறுப்புப் பட்டி விட்டு, முகத்தை உள்ளபடி காட்டும். அந்தத் தெரிவை ஒருதரம் செய்தால் நினைவில் வைத்துக்கொள்ளும்.

இரண்டாவது, ஒலி. பழைய கைத்தொலைபேசி வீடியோக்களின் ஒலி ஏஎம்ஆர் என்ற முறையில் பதிவானது. பல ரிவிகளுக்கு அது தெரியாது. படம் ஓடும், சத்தம் வராது. கோப்பில் சத்தமே இல்லை என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். அதே கோப்பை வீஎல்சி என்ற இலவசச் செயலியில் போட்டுப் பாருங்கள், குரல் இருக்கக்கூடும். கசெற்றிலிருந்து எடுத்த வீடியோக்களில் சத்தம் மிகவும் தாழ்வாக இருக்கும். வீஎல்சியிலும் கோடி என்ற மென்பொருளிலும், பதிவில் உள்ள அளவுக்கு மேலாகவும் சத்தத்தைக் கூட்டும் வசதி உண்டு. எங்கள் கோப்புகளுக்கு 4கேயை விட இந்த வசதிதான் அதிகம் பயன்படும்.

மூன்றாவது, சீப்புக் கோடுகள். பழைய வீடியோ கமராக்கள் ஒரு படத்தை ஒற்றைக் கோடுகள், இரட்டைக் கோடுகள் என இரண்டு பாதியாகப் பதிந்தன. இன்றைய ரிவியில் அந்தப் பாதிகளைச் சரியாகச் சேர்க்காவிட்டால், ஆள் நடக்கும்போதும் கை அசையும்போதும் ஓரங்கள் சீப்புப் பல்லுப்போலத் தெரியும். இதைச் சீர்செய்யும் தெரிவு பிளேயரில் இருக்கிறதா என்று பாருங்கள். கோப்பில் பிழை இல்லை, பிளேயரில்தான் குறை.

நான்காவது, சிறிய படம். 176க்கு 144 புள்ளி வீடியோவை 43 அங்குலத் திரை முழுதுக்கும் விரித்தால் சதுரங்கள்தான் தெரியும். திரையின் நடுவில் சின்னதாக வைத்துக் காட்ட முடிந்தால் முகம் மீண்டும் முகமாகும். படத்தைச் சுருக்கிக் காட்டும் தெரிவு எல்லாப் பிளேயர்களிலும் இல்லை.

நான்கு வழிகள்

*உங்கள் ரிவியே போதுமா?* காசு செலவழிக்க முன்னர் இதைச் சோதியுங்கள். பென் ட்ரைவை ரிவியின் யூஎஸ்பி துளையில் செருகுங்கள். அநேகமான ஸ்மார்ட் ரிவிகள் டிஎல்என்ஏ என்ற முறையில் வீட்டு நெற்வேர்க்கிலிருந்தும் எடுத்து ஓட்டும். 2003இல் தொடங்கி 2017இல் கலைக்கப்பட்ட ஒரு நிறுவனக் கூட்டமைப்பு உருவாக்கிய முறை அது. அமைப்பு போனாலும் முறை இன்னும் கருவிகளில் இருக்கிறது. என் வீட்டு ரிவி வட்ஸ்அப் வீடியோவையும் ஐபோன் வீடியோவையும் ஓட்டியது. வீடியோ சீடிக் கோப்பை ஏற்கவில்லை, 3ஜிபி சத்தமின்றி ஓடியது. 'டாட்' என்ற பின்னொட்டை 'எம்பிஜி' என்று மாற்றினால் சில ரிவிகளில் வீடியோ சீடிக் கோப்பு ஓடும். மாற்றுவதை மூலத்தில் செய்யாமல் கொப்பியில் செய்யுங்கள்.

*மலிவான அன்ட்ரொய்ட் பெட்டி.* கடைகளில் அதிகம் விற்பனையாவது இதுதான். சோதனைக் கோப்புறையில் பெரும்பாலானவற்றை, வீஎல்சியை நிறுவிய பிறகு, இது ஓட்டவே செய்கிறது. ஆனால் பெயர் தெரியாத பெட்டிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். 2023இன் தொடக்கத்தில், டி95 என்ற பெயரில் விற்ற ஒரு பெட்டியில் தொழிற்சாலையிலிருந்தே தீங்கு மென்பொருள் இருந்ததை ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் வெளிக்கொண்டு வந்தார். 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ, இப்படியான பெட்டிகள் வீட்டு நெற்வேர்க்குகளுக்குள் குற்றவாளிகளுக்கு வாசல் திறந்துவிடுவதாகப் பகிரங்க எச்சரிக்கை விடுத்தது. குடும்பப் படங்கள் இருக்கும் அதே நெற்வேர்க்கில் அப்படியொரு பெட்டியைச் செருகுவது வீட்டுத் திறப்பை வழிப்போக்கனிடம் கொடுப்பது மாதிரி. ஏற்கனவே வாங்கிவிட்டவர்கள் அதை இணையத்தோடு இணைக்காமல், பென் ட்ரைவில் மட்டும் ஓட்டலாம்.

*கூகுள் சான்றிதழ் உள்ள ஸ்டிக் அல்லது பெட்டி.* விலை சற்றுக் கூடுதலானாலும் மென்பொருள் புதுப்பிப்புகள் ஒழுங்காக வரும். வீஎல்சி, கோடி, ஜெலிஃபின் மூன்றையும் இலவசமாக நிறுவலாம். என் சோதனையில் எட்டில் ஏழு கோப்புகள் சிக்கலின்றி ஓடின. ஐபோனின் ஹெயிக் படங்கள் மட்டும் திறக்கவில்லை, அவற்றை ஜேபெக்காக மாற்ற வேண்டியிருந்தது. முதல் தடவை இயக்க இணையமும் கூகுள் கணக்கும் கேட்கும் என்பது இதில் உள்ள கரைச்சல்.

*ராஸ்பெரி பையும் கோடியும்.* உள்ளங்கையளவு கணினி ஒன்றில் லிப்ரேஎலெக் என்ற இலவச மென்பொருளைப் பதிந்தால் அது முழுக்க முழுக்கக் கோடி பிளேயராக மாறிவிடும். கணக்கு எதுவும் கேட்காது. எச்டிஎம்ஐ வயரினூடாகவே ரிவியின் ரிமோட்டுக்குக் கட்டுப்படும், வேறு ரிமோட் தேவையில்லை. பழைய கோப்புகளிடம் மிகப் பொறுமையாக நடந்துகொண்டது இதுதான். முகத்தின் அகலம், சீப்புக் கோடு, படத்தைச் சுருக்கல் மூன்றுக்கும் தெரிவுகள் உண்டு. ஆனால் யாராவது ஒருவர் உட்கார்ந்து நிறுவித் தர வேண்டும். வீட்டில் கணினி தெரிந்த இளையவர் இருந்தால் ஒரு பின்நேர வேலை.

வன்தட்டு ஒரு விண்டோஸ் கணினியில் இருந்து, பிளேயர் அதைக் காணவில்லையென்றால் இதையும் பாருங்கள். பழைய பெட்டிகள் கோப்புப் பகிர்வின் முதற் பதிப்பை மட்டுமே அறியும். பாதுகாப்புக் குறைவு காரணமாக 2017இன் பிற்பகுதியிலிருந்து வந்த விண்டோஸ் 10 பதிப்புகள் அதை நிறுவாமலே விடுகின்றன. பழைய பெட்டிக்காகக் கணினியின் பாதுகாப்பைத் தளர்த்துவதை விட, புதிய பிளேயரை எடுப்பது மேல்.

இணையத்தைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்

2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்சாரம் நின்ற நாடு இது. அதற்கு முன்னர், தொண்ணூறுகளின் யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்களும், ஜெனரேற்றரையும் டெக்கையும் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் பார்த்தவர்களும் நாங்கள். எந்தக் கருவியும் தனித்து நின்று வேலை செய்யுமா என்று கேட்பது எங்களுக்கு இயல்பான கேள்வி.

ஆகவே பிளேயரை ஒழுங்குபடுத்தியதும் ரவுட்டரின் இணைய வயரைக் கழற்றுங்கள், அல்லது சிம்மை எடுத்துவிடுங்கள். ரவுட்டர் ஓடட்டும். பிறகு பிளேயரை நிறுத்தி மீண்டும் போடுங்கள். வீடியோ ஓடினால் அது உங்களுடையது. "இணைய இணைப்பு இல்லை" என்று சொல்லி நின்றால், உங்கள் வீட்டுப் படத்தை உங்கள் வீட்டில் பார்க்கத் தொலைவிலுள்ள ஒரு நிறுவனத்தின் அனுமதி தேவைப்படுகிறது என்று அர்த்தம்.

இந்தச் சோதனையில் கோடியும் வீஎல்சியும் தடங்கலின்றித் தேறின. ஜெலிஃபினும் தேறியது. ஜெலிஃபின் என்பது மடிக்கணினியில் ஓடிக்கொண்டு, வீட்டிலுள்ள ரிவிக்கும் தொலைபேசிகளுக்கும் வீடியோவைப் பரிமாறும் இலவச மென்பொருள். பிளேயருக்குத் தெரியாத வடிவத்தைத் தெரிந்த வடிவமாக மாற்றியும் கொடுக்கும். இதே வேலையைச் செய்யும் பிளெக்ஸ் அழகானது, பலரும் பாவிப்பது. ஆனால் அந்நிறுவனத்தில் கணக்குத் திறந்துதான் அதை நிறுவ முடியும். 2022இல் அதன் பயனர் விபரங்கள் களவு போய், எல்லோரையும் கடவுச்சொல்லை மாற்றும்படி நிறுவனமே கேட்டது.

யார் பார்க்கலாம்?

டிஎல்என்ஏ முறையில் கடவுச்சொல் கேட்பது வழக்கமில்லை. உங்கள் வைஃபைக்குள் வந்த எவரும், பகிர்ந்துவிட்ட கோப்புறை முழுவதையும் பார்க்கலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வைஃபை கடவுச்சொல்லைக் கொடுத்திருந்தால் அவருடைய தொலைபேசியிலும் உங்கள் அல்பம் தெரியும்.

எங்கள் வீட்டு வீடியோக்களில் கலியாணம் மட்டும் இருப்பதில்லை. அதே கசெற்றின் ஓரத்தில் யார் யாரோ வந்து போயிருப்பார்கள். சமூக வலைத்தளப் பதிவுகளுக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதுகள் நடந்த நாட்டில், எது வீட்டுக்குள் இருக்க வேண்டும், எது வெளியே போகலாம் என்பதைக் குடும்பம்தான் தீர்மானிக்க வேண்டும். கருவி தீர்மானிக்கக் கூடாது. படத்தில் உள்ள மற்றவர்களுக்கும் இதில் பங்கு உண்டு.

ஆகவே ரிவியில் காட்டுவதற்கென்று தனியான ஒரு கோப்புறை செய்து, அதை மட்டும் பகிருங்கள். விருந்தினருக்கு ரவுட்டரில் வேறு வைஃபை பெயர் ஒன்றைத் திறந்துவிடுங்கள். ஆளுக்கொரு கணக்கு வேண்டுமென்றால் ஜெலிஃபின் பொருத்தம். எந்தக் கோப்புறை யாருக்குத் தெரியலாம் என்று அதில் பிரித்துவிடலாம்.

இன்னொரு சின்ன விடயம். இந்த மென்பொருள்கள் பல, கோப்பின் பெயரைச் சினிமாப் படம் என்று எண்ணி, இணையத்தில் தேடி அட்டைப்படம் கொண்டுவரும். உங்கள் அக்காவின் கலியாண வீடியோவுக்கு ஏதோ ஒரு நடிகரின் படம் வந்து ஒட்டிக்கொள்ளும். கோப்பின் பெயரும் வெளியே போகும். ஜெலிஃபினில் கோப்புறையைச் சேர்க்கும்போது 'வீட்டு வீடியோக்கள்' என்ற வகையைத் தெரிவு செய்யுங்கள். கோடியில் நூலகத்தில் சேர்க்காமல் 'கோப்புகள்' என்ற பகுதியிலிருந்தே ஓட்டுங்கள்.

கேட்காமல் வரும் படம்

நான் வாசித்த எந்த மதிப்பீட்டிலும் இல்லாத ஒரு விடயம் இது.

பிளேயரைச் சில நிமிடங்கள் தொடாமல் விட்டால் திரைக்காப்பு ஓடத் தொடங்கும். சில கருவிகளில் அது உங்கள் அல்பத்திலிருந்து ஏதாவது ஒரு படத்தை எடுத்துத் திரை முழுக்கக் காட்டும். முகப்புப் பக்கத்தில் 'அண்மையில் சேர்த்தவை', 'தொடர்ந்து பார்க்க' என்று வரிசைகள் இருக்கும். வீடியோவின் நடுவிலிருந்து தானாக ஒரு காட்சியை வெட்டி அடையாளப் படமாக வைக்கும். செத்த வீட்டு வீடியோவில் அது எந்தக் காட்சியாகவும் இருக்கலாம்.

காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் படத்தை ஏந்தியபடி, 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டத்தில் வருடக்கணக்காக இருந்த தாய்மார் எங்களிடையே உண்டு. அந்தப் படத்தை எப்போது கையில் எடுப்பது, எப்போது சாமி அறையில் வைப்பது என்பது அவர்களுடைய முடிவு. தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது ரிவி தானாக அந்த முகத்தைக் காட்டுவது வேறு. "எனக்கு அவனப் பார்க்க விருப்பம்தான். ஆனா நான் போடேக்கத்தான் பார்க்கோணும்" என்று ஒரு தாய் என்னிடம் சொன்னார். பிளேயரை எப்படி ஒழுங்குபடுத்த வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். திரைக்காப்பை வெறும் கறுப்புத் திரையாக மாற்றுங்கள். வீடியோவிலிருந்து தானாகக் காட்சி எடுக்கும் தெரிவை நிறுத்துங்கள், கோடியில் அது அமைப்புகளுக்குள் இருக்கிறது. ஜெலிஃபினில் முகப்பு வரிசைகளை நீக்கலாம், அடையாளப் படத்தை நீங்களே தெரிவு செய்து வைக்கலாம். ஒன்று முடிந்ததும் அடுத்த வீடியோ தானாக ஓடுவதையும் நிறுத்திவிடுங்கள். கலியாணத்துக்கு அடுத்த கோப்பு எதுவென்று உங்களுக்குத்தான் தெரியும்.

பிறகு ரிமோட்டை வீட்டிலுள்ள மூத்தவரின் கையில் கொடுத்துவிட்டு, பேசாமல் பக்கத்தில் இருங்கள். ரிவியைப் போட்டு, தான் பார்க்க விரும்பும் வீடியோவைத் தொடங்கி, நிறுத்த அவரால் முடிகிறதா? கோப்புறைகளுக்குத் தமிழில் பெயர் வைத்து, எழுத்து உடையாமல் வருகிறதா என்றும் பாருங்கள். சில பிளேயர்களில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும், சிலவற்றில் வெறும் கட்டங்கள் வரும். தமிழ் சரியாக வராவிட்டால் பெயருக்குப் பதிலாக அட்டைப்படம் வைத்துக் கொடுக்கலாம். அவர் ஒவ்வொரு தடவையும் பேரப்பிள்ளையைக் கூப்பிட வேண்டியிருந்தால் அந்தப் பிளேயர் அவருக்கானதல்ல.

பிளேயர் ஒரு பெட்டகமல்ல

ரிவியோடு இணைந்து நாள் முழுக்க ஓடும் வன்தட்டு, மின்சாரம் சட்டென்று போய் வரும்போது பழுதாகக்கூடும். எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் மின்சாரம் போனால் கோப்புகள் சிதையலாம். எனவே பிளேயரில் இருப்பது எப்போதும் பார்ப்பதற்கான கொப்பியாக மட்டும் இருக்கட்டும். மூலக்கோப்பு இருக்கும் வன்தட்டைத் துண்டித்து, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். வருடத்தில் இரண்டொரு தடவை எடுத்து இயக்கிப் பாருங்கள். கசெற்றையும் சீடியையும் மாற்றி முடிந்தது என்று எறியாதீர்கள்.

பென் ட்ரைவுக்குக் கொப்பி எடுக்கும்போது பெரிய கோப்பு ஏறவில்லையென்றால், அது ஃபாட்32 முறையில் தயாரிக்கப்பட்டிருக்கக்கூடும். அந்த முறை நான்கு கிகாபைட்டுக்கு மேற்பட்ட ஒரு கோப்பை ஏற்காது. எக்ஸ்ஃபாட் முறைக்கு மாற்றினால் ஏறும். மாற்றும்போது அதில் உள்ள எல்லாம் அழிந்துவிடும் என்பதால் முதலில் உள்ளவற்றை வேறிடத்தில் வையுங்கள்.

மூன்று கொப்பிகள், இரண்டு வகைச் சாதனங்களில், அவற்றில் ஒன்று வேறு ஊரில் இருக்க வேண்டும் என்று ஆவணக் காப்பாளர்கள் ஒரு விதி சொல்வார்கள். எங்களுக்கு அதைப் புதிதாக விளக்கத் தேவையில்லை. எங்கள் வீடுகளில் எஞ்சிய வீடியோக்கள் எஞ்சியதே, ஒரு கொப்பி வேறு நாட்டில் யாரோ ஒரு சொந்தக்காரரின் அலுமாரிக்குள் கிடந்ததால்தான். ஆனால் அந்தக் கசெற்றுகளும் இப்போது முப்பது, நாற்பது வயதை எட்டிவிட்டன. நாடா பூஞ்சணம் பிடிக்கிறது, ஓட்டுவதற்கான டெக்குகளைத் திருத்துபவர்கள் குறைந்து வருகிறார்கள். வெளிநாட்டில் உறவுகள் உள்ளவர்கள் பிளேயர் வாங்க முன்னர் அவர்களுக்கு ஒரு அழைப்பெடுத்து, அலுமாரியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

எதை வாங்கலாம்?

உங்கள் ரிவி சோதனைக் கோப்புறையில் பெரும்பாலானவற்றைச் சத்தத்தோடும் சரியான முக அளவோடும் ஓட்டினால் எதுவும் வாங்காதீர்கள். ஓடாத சிலவற்றைக் கணினியில் எம்பி4 வடிவத்துக்கு மாற்றி, மூலத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருள் அதற்குப் போதும்.

ரிவி பழையது, எச்டிஎம்ஐ துளை மட்டும் உண்டு, வீட்டில் கணினி தெரிந்தவர் இல்லை என்றால், சான்றிதழ் உள்ள ஸ்டிக் ஒன்றும் வீஎல்சியும். வீட்டில் நிறுவித் தர ஒருவர் இருந்தால் ராஸ்பெரி பையும் கோடியும். பல அறைகளில் பலர் பார்ப்பார்கள், ஆளுக்கு ஏற்பக் கோப்புறைகளைப் பிரிக்க வேண்டும் என்றால் பழைய மடிக்கணினி ஒன்றில் ஜெலிஃபின். பெயரில்லாத மலிவுப் பெட்டி எந்த வீட்டுக்கும் வேண்டாம்.

எதை எடுத்தாலும் பெட்டியில் எழுதியிருப்பதை நம்பி எடுக்காதீர்கள். உங்கள் பென் ட்ரைவைக் கொடுத்து, உங்களிடமுள்ள மிகப் பழைய வீடியோவை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அது ஓடி, முகம் முகமாகத் தெரிந்து, குரலும் கேட்டால் காசைக் கொடுங்கள்.